மூன்றாம் கட்டிலின் டிரைவர்

1. பாம்பனிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் கட்டில் கிடைத்தது.
2. தூங்கவில்லை.
3. தூங்கவில்லை என்பதை ஒவ்வொரு நாள் காலையிலும் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்.
4. மானிட்டர்களின் சத்தத்தைக் குறைத்தேன். மற்றவர்கள் தூங்கினார்கள். இவர் எழுந்து உட்கார்ந்தார்.
5. இவருடைய மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார்.
6. கடைவாயிலிருந்து ஒரு துண்டு சுக்கு எடுக்கப்பட்டது.
7. தூங்கினார்.

நடந்ததைச் சொல் என்றால் நான் இப்படித்தான் சொல்வேன். ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. எது முதலில் நின்றது, அதற்குப் பின் எது நின்றது என்று வரிசைப்படுத்தினால்தான் பழுது பிடிபடும். ஆனால் மேலே உள்ள ஏழு வரிகளிலும் அந்த மனிதரின் வலது கை இல்லை. அது இல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

வலது கை எப்போதும் கட்டிலின் பக்கக் கம்பியில் இருக்கும். ஓடும் பஸ்ஸில் விழுந்துவிடுவோமோ என்று பிடிப்பவரின் பிடி அல்ல அது. லேசான பிடி. அவ்வப்போது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அந்தக் கையில் கட்டப் போனால் இடது கையை நீட்டுவார்.

"இதுல கட்டு தாயி. அந்தக் கைக்கு வேலை இருக்கு."

ராமேஸ்வரம் தீவில் விசைப்படகை 'போட்டு' என்பார்கள். அதை ஓட்டுகிறவர் டிரைவர். இவர் இளவயதிலிருந்து டிரைவர். மருத்துவமனையிலும் யாரும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் டிரைவரய்யாதான். நான் திருவாடானைப் பக்கத்துக்காரி. கண்மாயும் வயலும் தெரியும். கடலைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. அதனால் அந்தக் கைக்கு என்ன வேலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவருக்கு நுரையீரலில் கடுமையான சளித்தொற்று. இதயமும் களைத்திருந்தது. மூச்சைத் தானாக முழுதாக இழுக்க முடியாததால், காற்றை அழுத்தித் தள்ளும் மாஸ்க் ஒன்றை முகத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து அவர் பேசினால் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். பேச வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

விரலில் மாட்டும் சென்சாரின் ஒயரை மாற்றப் போன அன்றுதான் என்னிடம் முதலில் பேசினார்.

"நீயும் டாக்டரா?"

"இல்லங்கய்யா. மெஷினெல்லாம் பாக்குறவ."

"மெக்கானிக்குன்னு சொல்லு. நல்லதாப் போச்சு. இங்கன எல்லாரும் ஆளத்தான் பாக்குறாக. இன்ஜினப் பாக்க ஒரு ஆளு வேணும்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, தலைமாட்டு மானிட்டரைக் கண்ணால் காட்டினார். "நீ வீட்டுக்குப் போனப்பறம் இத யாரு பாக்குறது?"

"சிஸ்டருங்க பாப்பாங்க."

"முழிச்சிருப்பாகளா?"

"முழிச்சுத்தான் இருப்பாங்க."

"நீ பாத்தியா?"

நான் பகல் வேலைக்காரி. பார்த்ததில்லை. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்குமோ என்று பின்னால் நினைத்ததுண்டு. முடிந்திருக்காது. அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

காலையில் டாக்டர் வரும்போது நடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். டாக்டர் கட்டிலருகே வந்ததும் டிரைவரய்யா முதுகை நிமிர்த்துவார்.

"தூங்குனீங்களா?"

"இல்லங்கய்யா. கண்ண மூடல."

டாக்டர் அதைக் குறையாகக் கேட்டுக்கொண்டார். சொன்னவரோ நற்சான்றிதழ் நீட்டுவது போலச் சொன்னார். அதற்குப் பிறகு ராத்திரி நிலவரமும் வரும். நாலாம் கட்டிலில் விளக்கு எரிந்தது, ரெண்டாம் கட்டில்காரர் போர்வையைத் தள்ளிவிட்டார், தண்ணீர் குழாய் சொட்டுகிறது. பாதிக்கு மேல் தவறாக இருக்கும். மருந்துப் பம்பு சார்ஜ் ஆகிறது என்று காட்டும் பச்சை விளக்கைப் பார்த்து ஆபத்து என்று சிஸ்டர்களைக் கூப்பிட்டு ஓட வைத்திருப்பார். மானிட்டரில் ஆக்சிஜன் எண் ஏறினால் டீசல் ஏறியது போல மகிழ்வார்.

டாக்டர் வெளியே பெஞ்சில் இருந்த அவருடைய மனைவியிடம் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். மருந்து வேலை செய்கிறது. ஆனால் மூச்சு இழுக்கும் தசைகளுக்கு ஓய்வு வேண்டும், அதற்குத் தூக்கம் வேண்டும். தூங்காமலே போனால் உடம்பு சோர்ந்து, தொண்டையில் குழாய் இறக்க வேண்டி வரலாம். தூக்க மாத்திரையைக் கூட்டினால் மூச்சே மந்தமாகிவிடும். இவருடைய நுரையீரல் அதைத் தாங்காது.

"அப்ப அவராத் தூங்குனாத்தான் உண்டுங்கிறீகளா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாம்மா."

"மாதாவே" என்று அந்த அம்மா கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தத்தைக் குறைக்கும் யோசனை டாக்டருடையது. நல்ல யோசனை. அவசரமில்லாத அலாரங்களைத் தணித்தேன், நாடித் துடிப்புக்கு வரும் டிக் டிக் ஒலியை எல்லாக் கட்டில்களிலும் நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, நான்காம் கட்டில்காரர்கள் மறுநாள் தெளிவாக இருந்தார்கள். டிரைவரய்யா மட்டும் கண்கள் சிவந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார் என்று சிஸ்டர்கள் சொன்னார்கள்.

தூக்கமின்மை அவரைக் குழப்பத் தொடங்கியது. ஒரு நாள் காலை, கட்டிலைச் சுற்றித் தொங்கும் பச்சைத் திரையைப் பார்த்து, "ஏலே, விடிஞ்சிருச்சு, வலையத் தூக்குங்கடா" என்று சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற வார்டு உதவியாளர் கொஞ்சமும் தயங்காமல், "இந்தா தூக்கியாச்சு டிரைவரே" என்று திரையைச் சரசரவென்று இழுத்துவிட்டார். "மீனு?" என்று கேட்டார் இவர். "சுமாருதான்" என்றார் அவர். சிரிக்காதவர் இல்லை.

பார்வை நேரத்தில் உள்ளே போய்விட்டு வந்த மனைவி சிரிக்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னைப் பாத்து, ஐஸ் எத்தன பெட்டி ஏத்திருக்குன்னு கேட்டாரு தாயி. நான் யாருன்னே அவருக்குத் தெரியல."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"வேண்டியது ஏத்தியாச்சுன்னேன். வேறென்னத்தச் சொல்ல?"

அன்றுதான் நான் மானிட்டரைத் திருப்பினேன். அதன் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, அதனால்தான் தூக்கம் வரவில்லை என்பது என் கணக்கு. திரை சுவரைப் பார்த்ததும் அவர் ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுவிட்டார். "எவன்டா ஜிபிஎஸ்ஸ அமத்துனது? கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிறோம்டா!" கோடு என்றால் நடுக்கடலில் இலங்கை எல்லை. தாண்டினால் போட்டும் போகும், ஆட்களும் சிறைக்குப் போவார்கள். ஓடி வந்து அவரைப் பிடித்து, மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டு, சிஸ்டர் என்னைப் பார்த்தார். உப்பூர்க்காரி. என் வயதுதான், வாய் மட்டும் இரண்டு மடங்கு.

"மேடம், இனிமே எனக்குத் தெரியாம ஒரு ஒயரத் தொட்டீங்க, உங்களையும் ஒரு கட்டில்ல போட்டுருவேன்."

மானிட்டரைப் பழையபடி திருப்பினேன்.

சுக்கைக் கண்டுபிடித்ததும் அதே சிஸ்டர்தான். வாய் துடைத்துவிடும்போது கடைவாயில் ஏதோ தட்டுப்பட்டது. மாஸ்க் போட்டவர் வாயில் ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சுக்கைப் பஞ்சில் ஏந்திக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

"அம்மா, இது யாரு கொண்டாந்தது?"

"நாந்தான். தொண்டைக்கு இதமா இருக்கும்னு கேட்டாரு." சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ, ஏமாத்திப்புட்டாரே! தூக்கம் வந்தா போட்டுல இதத்தான் வாயில ஒதுக்கிக்குவாரு. காரத்துல கண்ணு தெறிச்சு நிக்கும்."

அதுவரை அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். வந்த தூக்கத்தை அவர் விரட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா வெரட்டுறாரு?" என்று நான் கேட்டேன்.

"எதுக்குன்னா? அவரு டிரைவரும்மா. மத்தவன் தூங்கலாம். டிரைவரு தூங்குனா, விடியக்குள்ள போட்டு அந்தக் கரையில கெடக்கும். எங்க ஊருல ஒரு டிரைவரப் பாத்து 'தூங்குனியா'ன்னு கேட்டுப் பாரு, சண்டைக்கு வந்துருவான். உங்க டாக்டரு தெனமும் அதத்தான கேக்குறாரு!"

"முன்னாடி எப்பவாச்சும் தூங்கி ஏதாவது ஆயிருச்சா?"

"ஒண்ணும் ஆகல. நாம முழிச்சிருந்ததாலதான் ஆகலன்னு அவருக்கு நெனப்பு."

வீட்டில் எப்படி என்று கேட்டேன். வீட்டில் மத்தியானம் படுத்தால் பேரப்பிள்ளைகள் மேலே ஏறி மிதித்தாலும் எழமாட்டாராம். சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்ஜினுக்கு மேல் பலகையில் படுத்துப் பழகியவர். "சத்தம் நின்னாத்தான் முழிப்பாரு. இன்ஜின் நின்னுபோச்சுன்னு அர்த்தம்ல?" என்றார். நாடித் துடிப்பின் ஒலியை நிறுத்திய என் விரல்களை நான் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அந்த அம்மா ரயில் கதையைச் சொன்னார்.

"மக வீட்டுக்கு மெட்ராசு போனோம். எல்லாரும் படுத்தாச்சு. இவரு மட்டும் குத்தவச்சு ஒக்காந்திருக்காரு. ஏன்னு கேட்டா, 'இத ஓட்டுறவன் மொகத்த நாம பாக்கலையே'ங்குறாரு. திருச்சியில ரயிலு நின்னுச்சா, எறங்கி இன்ஜின் வரைக்கும் ஓடுனாரு. எனக்கு உசுரே இல்ல, ரயில விட்டுருவாரோன்னு. டிரைவரப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்து, 'தெளிவான ஆளுதான்'னு படுத்தாரு பாரு. எக்மோர்ல மருமகன் வந்து தண்ணி தெளிச்சில்ல எழுப்புனாரு!"

நான் கேட்டேன்: "போட்டுல கொஞ்ச நேரமாவது ஸ்டேரிங்க வேற ஆளுக்குக் குடுப்பாருல்ல? அப்ப எப்படிக் குடுப்பாரு?"

"சும்மா குடுத்துருவாரா? வாறவன் மொதல்ல பக்கத்துல வந்து நிக்கணும். எந்தப் பக்கம் எந்தப் போட்டு வெளக்கு தெரியுதுன்னு அவன் வாயால சொல்லணும். சரியாச் சொன்னாத்தான் கைய எடுப்பாரு."

எங்கள் பிரிவில் சிஸ்டர்கள் ஷிஃப்ட் மாறுவது மேசையில். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் தணிந்த குரலில் சொல்லி, கையெழுத்துப் போட்டு, ஒருவர் பையை எடுத்துக்கொண்டு போவார், மற்றவர் உட்காருவார். மூன்றாம் கட்டிலிலிருந்து பார்த்தால் ஒருவர் இறங்கிப் போவது மட்டும்தான் தெரியும். அவரிடம் வந்து யாரும் ஸ்டேரிங்கை வாங்கவில்லை.

இதைச் சொன்னதும் டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார். "குழாய் இறக்குறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடலாம்" என்றார். தயங்கியது உப்பூர் சிஸ்டர்தான், அதுவும் நியாயமான காரணத்துக்காக. ஒரு நோயாளியின் வியாதியை இன்னொருவர் காதுபடச் சொல்லக் கூடாது. கடைசியில் வியாதியை விட்டுவிட்டு, எந்தக் கட்டில், அங்கே இப்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்வது என்று முடிவானது. நான் என் பங்குக்கு, சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மூன்றாம் கட்டிலில் மட்டும் டிக் டிக் ஒலியை மீண்டும் வைத்தேன். தணிவாக, நிற்காமல்.

மத்தியான ஷிஃப்ட் அன்று உப்பூர் சிஸ்டருக்கு. பையை வைத்துவிட்டு நேராக அவர் கட்டிலுக்கு வந்து நின்றார்.

"யாரு?" என்றார் டிரைவரய்யா, சிவந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நாந்தான். ஸ்டேரிங்க வாங்க வந்திருக்கேன்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "சாப்ட்டியா?"

"சாப்ட்டாச்சு."

"வயிறு முட்டவா?"

"அரை வயிறுதான். முட்டத் தின்னா கண்ணு சொருகும்ல."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "சொல்லு" என்றார்.

"ஒண்ணாம் பெட்டு அமைதியா இருக்கு. ரெண்டாம் பெட்டுல மருந்து ஓடுது, இன்னும் பாதி இருக்கு. நாலாவது இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்திருக்காரு."

"மூணு?"

"மூணுல ஒரு டிரைவரு. எத்தன நாளா ஸ்டேரிங்கப் பிடிச்சிருக்காருன்னு அவருக்கே தெரியல. குடுய்யான்னா குடுக்க மாட்டேங்கிறாரு. வயசுப் புள்ள நம்மளவிட நல்லா ஓட்டிருவாளோன்னு பயம் போல."

மாஸ்க்குக்குள் அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் ஓரம் விலகிக் காற்று கசிந்து, கருவி கீச்சுக் கீச்சென்று கத்தியது. நான் போய் மாஸ்க்கைச் சரிசெய்தேன்.

"கோடு பக்கத்துல இருக்கு. பாத்து" என்றார் சிஸ்டரிடம்.

"பாத்துக்கிறேன்."

"எதுன்னாலும் எழுப்பு."

"எழுப்புறேன் டிரைவரய்யா."

சிஸ்டர் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கம்பியில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து தன் வலது கையை எடுத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்து, வயிற்றின் மேல் போட்டுக்கொண்டார். சிஸ்டர் கம்பியிலிருந்து கையை எடுக்கும்போது அவர் தூங்கியிருந்தார்.

மானிட்டரில் மூச்சின் கோடு அதுவரை கிழிந்த வலை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது மெல்லச் சீரானது. அன்று எனக்கு வேறு கருவிகள் பாக்கி இருந்தும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி ஷிஃப்ட்டும் வந்து அதே மாதிரி வாங்கிக்கொண்டது. காலையில் டாக்டர் கேட்டார்:

"தூங்குனீங்களா?"

"இல்லங்கய்யா."

"தூங்குனதா மானிட்டர் சொல்லுதே?"

"அது இந்தப் புள்ளைக டூட்டி. என் டூட்டில நான் தூங்கல."

டாக்டர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடம் தூங்கினீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, "கை மாறுச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். அதற்கு மட்டும் நேரான பதில் வந்தது.

தெளிவு வர இன்னும் சில நாள் ஆனது. ஒரு பார்வை நேரத்தில் மனைவி உள்ளே போய், வேண்டுமென்றே, "ஐஸ் எத்தன பெட்டி ஏத்தணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"கிறுக்கு பிடிச்சிருச்சாடி? ஆஸ்பத்திரியில ஏதுடி ஐஸு?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே வந்து, பெஞ்சில் இருந்த எல்லோரிடமும், யார் என்ன என்று பார்க்காமல், "என்னைத் திட்டிப்புட்டாரு" என்று சொன்னார்.

மாஸ்க் கழன்றது. தொண்டைக்குக் குழாய் தேவைப்படவில்லை. பொது வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு காலையில் அவர் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சோதிக்கப் போனேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் பாயில் வரிசையாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்கய்யா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சத்தம் போடாத. பாவம், எத்தன நாளாத் தூங்காததுக. ஒரு மணி நேரம் படுங்க, நான் பாத்துக்கிறேன்னேன். பெறகு நான் படுப்பேன், அந்தப் பரமக்குடிக்காரரு பாத்துக்குவாரு. பேசி வச்சாச்சு."

பரமக்குடிக்காரர், தம்பியைச் சேர்த்திருந்த ஒரு நெசவாளி, பாயிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஒப்படைக்கும்போது ஆயிரம் கேள்வி கேக்குறாரும்மா" என்றார்.

இப்போதைய நிலவரம் இது. டிரைவரய்யா பாம்பனில் இருக்கிறார். கடலுக்குப் போவதில்லை. மாத்திரை வாங்க வரும்போது என்னையும் பார்த்துவிட்டுப் போவார். தூங்குகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார், பின்னால் நின்று அந்த அம்மா, தூங்குகிறார் என்று தலையை ஆட்டுவார். உப்பூர் சிஸ்டர் சவுதியில் வேலை பார்க்கிறார். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஷிஃப்ட் மாறும்போது, வருகிற சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று, கம்பியில் கை வைத்து, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நோயாளியிடம் சொல்கிறார். மூன்றாம் கட்டிலில் இன்று தேவிபட்டினத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை இருக்கிறார். தூங்கிக்கொண்டிருக்கிறார்.